வந்தவருக்கும் வாக்கா?

1853-ல் பிரான்சு கைப்பற்றிய பசிபிக் தீவு நியூ கலிடோனியா. அதன் விடுதலை வாக்கெடுப்பில் நேற்று வந்தவருக்கும் வாக்கு வேண்டும், அதுவே ஜனநாயகம் என்போர் உண்டு. கேட்க இனிக்கிறது! அவர்களுக்கு 1972-ஐ நினைவூட்டுகிறோம். பிரெஞ்சு மக்களைத் திரளாகக் குடியேற்றினால் விடுதலைக் குரல் ஓயும் என்று எழுதியவர் அன்றைய பிரதமர் மெஸ்மர். ஆளை இறக்கிவிட்டுத் தலையை எண்ணச் சொல்வதா ஜனநாயகம்?

1998 நுமேயா உடன்பாடு அதற்குக் கடிவாளம் போட்டது. குடியேறியவர், பொதுவாக, 2014 முடிய 20 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். வேரூன்றியவரை அது விரட்டவில்லை, நியாயமே என்போம். அந்தப் பட்டியலிலேயே 2018-லும் 2020-லும் விடுதலை தோற்றது. 2021-ல் மண்ணின் மைந்தரான கனாக் மக்கள் வாக்கெடுப்பைப் புறக்கணித்தனர். அப்போதும் பாரிசுக்குப் பொறுக்கவில்லை. 2024-ல் மாகாணத் தேர்தல் பட்டியலில் 10 ஆண்டு வாழ்ந்தோரைச் சேர்க்கப் புறப்பட்டது. தலைநகர் நுமேயா பற்றி எரிந்தது. மசோதா கிடப்பில் விழுந்தது.