நிரவல் மழையில் நனைவார் யார்?

இந்தியாவின் மழைக்காலம் எது? சூன் முதல் செபுதம்பர் வரை என்பது அனைத்திந்தியப் பாடநூல் தரும் விடை. நாகை மாணாக்கன் இதனை நெட்டுருச் செய்து எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவான். பெற்றுக்கொண்டு பள்ளியை விட்டு வெளிப்போந்தால், ஆடித் திங்களின் புழுதிக் காற்று அவன் கண்ணை மறைக்கும். ஐப்பசியில் தெருவெல்லாம் வெள்ளம் ஓடும்போதோ, அவன் கையிலுள்ள நூல் அக்காலத்தைப் 'பின்வாங்கும் பருவக்காற்றுக் காலம்' என்று கூறும். யாரை விட்டுப் பின்வாங்குகின்றது? தில்லியை விட்டுப் பின்வாங்குவதே நாகைக்கு வந்துசேர்வது. ஒருவன் வாயிற்படியில் நின்றுகொண்டு, புறப்படுகிறவனைப் பார்த்துப் பெயரிட்டான். அவனை எதிர்நோக்கி விளக்கேற்றி வைத்திருக்கும் வீட்டை அவன் பார்த்தானில்லை.

பரப்பால் பெரியதொரு நாட்டில் தட்பவெப்பம் ஒருபடித்தாய் இராது என்பது சிறு பிள்ளையும் அறிந்ததே. காசித் தொடர் மலைகளிலுள்ள மவுசின்ராமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,870 மி.மீ. மழை பொழிகின்றது. இலடாக்கிலுள்ள இலே நகருக்கு 100 மி.மீ. அளவே கிட்டுகின்றது. இராசசுத்தானத்துப் பலோடியில் 2016 மே 19 அன்று வெம்மை 51 பாகையைத் தொட்டது. இவையெல்லாம் வினாடி வினாவிற்குரிய செய்திகள். வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். வியப்போடு நில்லாமல், ஒரே கணக்கையும் ஒரே சட்டத்தையும் ஓர் உழவன் தலைமேல் ஏற்றும்போதுதான் வேறுபாட்டின் உண்மையான பொருள் விளங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சூன் முதல் செபுதம்பர் வரை நாடெங்கும் பெய்யும் மழையைக் கூட்டி நிரவல் (சராசரி) கண்டு, அது 87 செ.மீ. என்று வானிலைத் துறை வைத்துள்ளது. அதனை ஒட்டிப் பெய்தால் நல்லாண்டு, குறைந்தால் வறட்சியாண்டு. 2015-இல் அம் மழை 14 விழுக்காடு குறைந்தது. நாடு வறண்டது என்றனர். அவ்வாண்டின் திசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் மட்டும் 490 மி.மீ. கொட்டித் தீர்த்தது, அடையாறு கரைபுரண்டு சென்னையின் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. மறு ஆண்டோ நேர்மாறு. 2016-இன் தென்மேற்குப் பருவம் நிரவலில் 97 விழுக்காடு பெய்தது. இயல்பான ஆண்டு என்று நாடு மகிழ்ந்தது. ஆனால், அவ்வாண்டின் வடகிழக்குப் பருவம் தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்து, ஏறத்தாழ 140 ஆண்டுகளில் காணாத வறட்சியாய் முடிந்தது. 2017 சனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக மாநில அரசு அறிவிக்க நேர்ந்தது. அவ் விளவேனிலில் தமிழக உழவர் தில்லித் தெருவில் கிடந்து போராடினரே, அவர்கள் 'இயல்பான ஆண்டின்' உழவர்கள் என்பதை எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தனர்?

இத்தலைகீழ் நிலை தற்செயலானதன்று. தென்மேற்குக் காற்று தான் சுமந்து வரும் நீரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்புறத்திலேயே பெருமளவு இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு கீழ்ப்புறம் இறங்குகின்றது. இறங்க இறங்க வெம்மையுறுகின்றது. மலையின் மறைவில் இருக்கும் நிலம் மழை மறைவு நிலம் ஆகின்றது. ஐப்பசியில் காற்றுத் திரும்பி, வடகிழக்கிலிருந்து வங்கக்கடலைக் கடந்து நீர் முகந்து வரும்போதுதான் கீழைக் கரைக்கு அதன் பங்கு கிட்டுகின்றது. தமிழகம் ஆண்டுதோறும் பெறும் ஏறத்தாழ 920 மி.மீ. மழையில் கிட்டத்தட்டப் பாதி இம் மூன்று திங்கள்களில் பெறுவதே. பசிபிக் கடலின் எல்நினோ வெம்மை தென்மேற்குப் பருவத்தைத் தளர்த்துவதும், வடகிழக்குப் பருவத்திற்குப் பெரும்பாலும் வலுவூட்டுவதும் வானிலையறிஞர் கண்ட உண்மை. ஆகவே, வடபுலம் வாடும் ஆண்டில் தென்கரை நனைவதும், அங்குக் களிக்கும் ஆண்டில் இங்குக் கண்ணீர் பெருகுவதும் நிகழக்கூடியனவே. இவ்விரண்டையும் ஒரே தட்டிலிட்டு நிரவினால் வருவது எந்த ஊரிலும் பெய்யாத மழை.

பழந்தமிழர் இதில் ஏமாந்தாரல்லர். காற்றை அவர்கள் திசையால் பிரித்து நான்கு பெயரிட்டனர்: தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்னும் சொல்லே நீர்கொண்ட முகிலையும் குறிப்பது காண்க. மழை எப்பக்கத்திலிருந்து வரும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. பெரும்பொழுது ஆறனுள் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றனர். மழையும் குளிரும் சேர்ந்து நடுக்கும் காலம் அது. ஏறத்தாழ அதே திங்கள்களை வடமொழியாளர் சரற்காலம் என்பர். அவர்தம் பாக்களில் அது முகிலகன்ற வானும் தெளிந்த நிலவும் விளங்கும் காலம். அவரும் பொய் கூறினாரல்லர். அவர் தம் வானத்தைப் பார்த்து எழுதினார். தமிழர் தம் வானத்தைப் பார்த்து எழுதினர். ஒரே திங்களுக்கு இரு வானம் இருந்ததை இரு மொழியும் நேர்மையாகப் பதிந்து வைத்துள்ளன. இக்காலப் பாடநூலுக்குத்தான் அந்நேர்மை வாய்க்கவில்லை.

சரற்காலத்துத் தெளிவானத்திற்கும் கூதிர்க்காலத்துக் கருவானத்திற்கும் உள்ள வேறுபாடு ஏதோ புலவர் பேச்சு என்று எவரேனும் எண்ணினால், அவர் அக்தோபர்த் திங்களில் தஞ்சைப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் ஒன்றன் முன் நின்று பார்க்கட்டும். குறுவை அறுவடையாகும் நேரமும் வடகிழக்குப் பருவம் தொடங்கும் நேரமும் ஒன்றோடொன்று மோதும் நாள்கள் அவை. களத்தில் கொட்டிய நெல்லைச் சாக்கால் மூடி, வெயில் தலைகாட்டினால் திறந்து, மீண்டும் தூறல் விழ மூடி, சாலையோரத்தில் உழவர் கண்ணுறக்கமின்றிக் காத்துக் கிடப்பர். நடுவணரசின் அளவுப்படி நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது. இதே அக்தோபரில் பஞ்சாபில் அறுவடையாகும் நெல்லுக்கும் அளவு இதுவே. அங்கே மழை விடைபெற்றுச் சென்றபின் காய்ந்த வானின் கீழ் அறுக்கின்றனர். இங்கே மழை வந்திறங்கும்போது அறுக்கின்றனர். இருவர்க்கும் ஓரளவு என்பது பார்வைக்கு நடுவுநிலை போல் தோன்றும். நனைந்தவனையும் நனையாதவனையும் ஒரே கோலால் அளப்பது நடுவுநிலையாகுமா? நெல் முளைவிடத் தொடங்கியபின், அளவைத் தளர்த்துமாறு மாநில அரசு மடல் எழுதுவதும், நடுவண் குழு வந்து கைப்பிடி நெல் எடுத்துச் செல்வதும், பின்னர் ஓரிரு விழுக்காடு தளர்த்துவதும் பலமுறை நடந்துள்ளன. ஐப்பசியில் மழை பெய்வது ஏதோ எதிர்பாராத இடர் என்பதுபோல் இச் சடங்கு நிகழ்கின்றது!

பயிர்ப் பருவங்களின் பெயரையும் இங்கே குறித்தல் வேண்டும். அரசு ஏடுகளில் காரிப்பு, இரபி என்பனவே முதன்மைப் பருவங்கள். இவ் வரபுச் சொற்களுக்கு முறையே இலையுதிர்காலம், இளவேனில் என்று பொருள். குறுவை, சம்பா, தாளடி, நவரை, சொர்ணவாரி என்று ஐவகையாய்ப் பயிர் செய்யும் மண்ணை அவ்விரு கூண்டுக்குள் திணிக்கின்றனர். பெயர் போனால் போகட்டும் எனலாம். பெயரோடு காப்பீட்டின் கெடுநாளும் கடனின் கெடுநாளும் ஒட்டிக்கொண்டு வருகின்றனவே.

தில்லியை மட்டும் குறை கூறி அமைவதும் முறையன்று. வானிலைத் துறை வடகிழக்குப் பருவத்தை அறியாததன்று. அதற்கெனத் தனி முன்னறிவிப்பும் தருகின்றது. தமிழகமுமே ஒரு வானமுடைய நிலமன்று. கோவை நகர் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மி.மீ. மழை பெற, அம்மாவட்டத்து வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு அதனினும் ஐந்து மடங்கிற்கு மேல் பெறுகின்றது. நீலமலையின் மேற்கே கூடலூர் தென்மேற்குக் காற்றாலும், கிழக்கே குன்னூர் வடகிழக்குக் காற்றாலும் நனைகின்றன. 2019 சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. அடுத்த திங்களே நீலமலை அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீட்டருக்கு மேல் மழை. 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 950 மி.மீ. பொழிந்தது, வறண்ட மாவட்டம் என்று பெயர் பெற்ற தூத்துக்குடி மாவட்டத்து ஊர் அது! காவிரிப் பாசன உழவனின் நிலையோ இன்னும் சிக்கலானது. மேட்டூர் நிரம்பக் குடகு மலைமேல் தென்மேற்கு மழை பெய்தாக வேண்டும். சம்பா விளையத் தன் வயலின்மேல் வடகிழக்கு மழை பெய்தாக வேண்டும். இரு வானங்களை அண்ணாந்து பார்த்து வாழும் அவனுக்கு, எவ்வானத்திலும் இல்லாத நிரவலைக் காட்டுவதால் என்ன பயன்? சென்னையில் அமர்ந்து மாநிலம் முழுமைக்கும் ஒரே விதைப்பு நாளை அறிவிக்கும் அலுவலர்க்கும் இக்கேள்வி உரியதே.

வேளாண் அறிஞர் தமிழகத்தை ஏழு வேளாண் வானிலை மண்டிலங்களாய் முன்பே வகுத்து வைத்துள்ளனர். புதிதாய்க் கண்டறிய வேண்டியது ஏதுமில்லை. ஈரப்பத அளவை அம்மண்டில முறைப்படி, மழை வந்து நெல் நனைந்தபின் அன்று, அறுவடைக்கு முன்னே ஆவணியிலேயே அறிவித்துவிடலாம். பாடநூலில் 'பின்வாங்கும்' என்னும் சொல்லை அடித்துவிட்டு, 'தமிழகத்தின் பெருமழைக் காலம்' என்று எழுதுவதற்கு ஒரு துளி மை போதும்.