பழைய கார் இன்ஜின் எத்தனை சிசி? பிரிக்காமலே பார்க்கலாம்!

பழைய பத்மினியோ அம்பாசடரோ வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டுக்கு முன்னால் இன்ஜினைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டிய வண்டிகள் நிறைய உண்டு.

முதலில் ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள இன்ஜின் நம்பரும், இன்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா? பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சிசி மட்டும் பொருந்தினால் போதாது. அம்பாசடரில் பெட்ரோல், டீசல் இரண்டிலுமே 1489 சிசி இன்ஜின் வந்தது. ஸ்பார்க் பிளக்கே இல்லையென்றால் அது டீசல்.

பெட்ரோல் வண்டியில் நம்பர் அழிந்திருந்தால் மெக்கானிக்கிடம் ஸ்ட்ரோக்கை அளக்கச் சொல்லுங்கள். சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பிளக்குகளைக் கழற்ற வேண்டும். பிளக் ஓட்டையில் நீளமான பிளாஸ்டிக் குச்சியை விட்டு இன்ஜினைக் கையால் சுற்றினால், பிஸ்டனோடு குச்சியும் ஏறி இறங்கும். அந்தத் தூரம்தான் ஸ்ட்ரோக்.

* பத்மினி 1089 சிசி: 75 மி.மீ.
* அம்பாசடர் 1489 சிசி: சுமார் 89 மி.மீ.
* அம்பாசடர் இசுசு 1817 சிசி: 82 மி.மீ.

பிளக் ஓட்டை சாய்வாக இருந்தால் அளவு மாறும். அதனால் இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

நம்பர் பொருந்தவில்லையா? ஆர்.டி.ஓ. பதிவைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம்தான். இல்லாவிட்டால் நாளை இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் உங்களுக்குத்தான்!