தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு?

சர்க்காரும் போலீசும் கோர்ட்டும் கைவிட்டுவிட்ட இடத்தில், ஒரு தனி மனிதன் தானே நீதிபதியாகவும் தானே தூக்குப் போடுகிறவனாகவும் ஆகி அக்கிரமக்காரர்களைத் தீர்த்துவிடலாமா என்கின்ற கேள்வியைப் பத்தே நிமிஷத்தில் கேட்கிற ஒரு அமெரிக்கப் படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். "டர்ட்டி லாண்ட்ரி", அதாவது அழுக்குத் துணி என்பது அதன் பெயர். 2012-ம் வருஷம் சான் டியாகோ நகரத்தில் நடந்த சித்திரக் கதைப் பிரியர்களின் மகாநாட்டில் அது முதலில் காட்டப்பட்டது. 2004-ல் வந்த "பனிஷர்" என்னும் பெரிய படத்தில் தண்டிப்பவனாக நடித்த தாமஸ் ஜேன் என்பவரே இதிலும் அந்த வேஷம் போட்டிருக்கிறார். இன்டர்நெட்டில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் பார்த்துக் கைகொட்டியிருக்கிறார்கள்.

கதை மிகச் சிறியது. ஒரு ஏழைப் பேட்டையில் தன் வண்டியிலேயே தூங்கி எழுந்த ஒருவன், காசு போட்டு யந்திரத்தில் துணி துவைக்கும் கடைக்குத் தன் அழுக்கு மூட்டையுடன் போகிறான். தெருவில் ஒரு ரௌடிக் கூட்டம் ஒரு பெண்ணை அடித்து இம்சைப்படுத்துகிறது. அவன் பார்த்தும் பாராதவன்போல் நடந்துவிடுகிறான். பிறகு அதே கூட்டம், போதை மருந்து விற்க மறுத்த ஒரு சிறுவனைப் பிடித்துக்கொள்கிறது. அப்போதும் அவன் பேசவில்லை. எதிரிலுள்ள சாராயக் கடைக்குப் போகிறான். கடைக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர். ஒரு சமயம் இம்மாதிரி அக்கிரமத்துக்குக் குறுக்கே போனதற்கு அவருக்குக் கிடைத்த கூலி அது! அதற்குமேல்தான் அவன் ஒரு விஸ்கிப் புட்டியுடன் தெருவுக்குத் திரும்பி வந்து கூட்டத்தாரை அடித்து நொறுக்குகிறான். தலைவனுடைய கால்களை முறித்து, அவன்மேல் சாராயத்தை ஊற்றி, அடிபட்ட பெண்ணிடம் நெருப்புப் பற்றவைக்கும் லைட்டரை விட்டுவிட்டு, துணி மூட்டையோடு போய்விடுகிறான். நெருப்பு வைப்பது அந்தப் பெண்.

ஒரு குழந்தை உதைபடும்போது குறுக்கே விழுந்து தடுப்பது எந்த யோக்கியனுடைய கடமையும் ஆகும். அதற்குச் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு நாம் அவன் பக்கமே. ஆனால் தலைவனுடைய கால் முறிந்து, ஆயுதம் போய், அவன் தரையில் கிடக்கிற நிமிஷத்திலேயே காப்பாற்றுகிற வேலை முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு ஊற்றுகிற சாராயம் யாரைக் காப்பாற்றுவதற்கு? அதற்குத் தண்டனை என்று பெயர். அதையும் தான் செய்யாமல், நொந்துகிடக்கிற ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்கு என்ன பெயர் என்று நமக்கு விளங்கவில்லை. கொளுத்துவதா விடுவதா என்று அவளே தீர்மானிக்கட்டும் என்பது படம் எடுத்தவர்களுடைய சமாதானமாக இருக்கலாம். இரத்தம் ஒழுக விழுந்து கிடக்கிறவள் அந்தச் சமயத்தில் என்ன தீர்மானம் செய்ய முடியும்? நாளைக்குக் கொலைக் குற்றம் சாட்டினால் கூண்டில் நிற்கப் போகிறவளும் அவள்தானே ஒழிய, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன வீரன் அல்லவே!

மற்றொரு சங்கதி. அந்தப் படத்தில் குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. ஏன்? காமரா நமக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் காட்டிவிட்டது. சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், எதிர்வாதம் வேண்டாம். புராணக்காரன் சுவாமிக்கு ஞானதிருஷ்டி கொடுத்த மாதிரி சினிமாக்காரன் நமக்குக் கொடுத்துவிடுகிறான். கொட்டகையை விட்டு வெளியே வந்தால் அந்தத் திருஷ்டி எந்த மனிதனுக்கு இருக்கிறது?

இல்லாமலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த அமெரிக்காவிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2020-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி ஜார்ஜியா மாகாணத்தில் அமாட் ஆர்பரி என்கின்ற 25 வயதுள்ள கறுப்பு வாலிபர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஆயுதம் இல்லை. திருடனாக இருக்க வேண்டும் என்று தாங்களே முடிவு செய்துகொண்ட மூன்று வெள்ளைக்காரர்கள் வண்டிகளில் துரத்தி மடக்கினார்கள். அவர்களில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். அம்மூவரும் தங்களைக் கொலைகாரர்கள் என்றா எண்ணியிருப்பார்கள்? ஊரைக் காக்க வந்தவர்கள் என்றே எண்ணியிருப்பார்கள். 1863-ல், அதாவது அடிமை முறை இருந்த காலத்தில் ஏற்பட்ட, எவனும் எவனையும் கைது செய்யலாம் என்கிற சட்டம் ஒன்றும் அவர்களுக்குத் துணையாக எடுத்துக் காட்டப்பட்டது. சம்பவத்தைப் படம் பிடித்த வீடியோ வெளியாகும் வரை, இரண்டு மாதத்துக்கு மேலாக ஒருவனும் கைது செய்யப்படவில்லை.

ஆகவே, "சட்டம் தூங்கினால் மனிதன் என்ன செய்வான்?" என்று கேட்கிற தோழர்களுக்கு நாம் சொல்லுவது, சட்டம் யாருக்காகத் தூங்குகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள் என்பதேயாகும். பலசாலி தன் கையால் தண்டித்தால் அது தூங்குகிறது. எளியவன் தண்டித்தால் உடனே விழித்துக்கொள்கிறது. தண்டிக்கும் அதிகாரத்தைத் தெருவில் போட்டுவிட்டால் அது தானாகவே துப்பாக்கியும் வண்டியும் வைத்திருப்பவன் கைக்குத்தான் போய்ச் சேரும். அந்தப் பேட்டைச் சிறுவன் கைக்கு வராது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அந்தத் தண்டிப்பவனுடைய சின்னம் ஒரு மண்டையோடு. போலீசால் ஆகாததைச் செய்கிறவன் என்று 1974-ல் சித்திரக் கதையில் தோன்றியவனுடைய மண்டையோட்டை, 2017-ல் கென்டக்கி மாகாணத்தில் ஒரு ஊர்ப் போலீசாரே தங்கள் வண்டிகளில் ஒட்டிக்கொண்டார்கள். கண்டனம் கிளம்பிய பிறகுதான் எடுத்தார்கள். அவனைச் சிருஷ்டித்தவர்களில் ஒருவரான ஜெரி கான்வே என்பவரே, போலீசார் அதை அணிவது தப்பென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆர்பரி வழக்கு என்ன ஆயிற்று என்றால், தண்டிப்பவன் ஒருவனும் வண்டியில் வந்து இறங்கவில்லை. தாயாரும் ஊர் ஜனங்களும் விடாமல் கூச்சல் போட்டார்கள். 2021-ம் வருஷம் அந்தப் பழைய சட்டம் ரத்தாயிற்று. அதே வருஷம் நவம்பரில் ஜூரிகள் மூவரையும் குற்றவாளிகள் என்றார்கள். 2022 ஜனவரியில் மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.