பணம் இருந்தால்தான் செவிலியர் படிப்பா?

லட்சக்கணக்கில் கட்டித் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலொழிய செவிலியர் படிப்பு கைகூடாது என்பதும், குறைந்த செலவில் கிடைப்பது தரத்திலும் குறைந்ததே என்பதும் ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் பிற ஊர்களிலும் வேரூன்றிய கருத்துகள். இரண்டும் ஆராய்ந்தால் நிற்பவை அல்ல.

நீட் தேர்வை எண்ணிப் பின்வாங்குவோர் உள்ளனர். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு அத்தேர்வு தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் அறிவியல் பாட மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை வகுக்கப்பட்டுக் கலந்தாய்வு நடைபெறுகிறது.

அரசு இடம் மலைப் பிள்ளைகளுக்கு எட்டாது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 விழுக்காடே. ஆயினும் அவ்வாறு கூறுவோர் பட்டப்படிப்பை மட்டுமே கணக்கில் கொண்டு, அரசு செவிலியர் பள்ளிகளின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை மறந்துவிடுகின்றனர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் செவிலியர் தேர்வை இவ்விரு படிப்பினரும் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் பழங்குடி மாணவிக்கு மேற்படிப்பு உதவித்தொகையும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருப்பின் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு.

உண்மையான தடை பணத்தைவிடக் காகிதத்தில்தான் இருக்கிறது. சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளி சமூகத்தாருக்குச் சாதிச் சான்றிதழ் வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர்; விசாரணைக்குப் பின் கோட்டாட்சியரே வழங்குகிறார். தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பிக்கும் குடும்பம், சான்றிதழ் கைக்கு வருமுன் கலந்தாய்வு முடிந்து, ஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் ஒருங்கே இழக்க நேரிடும். பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பிப்பதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

தரம் பற்றிய வாதமே எல்லாவற்றினும் வலுவற்றது. செவிலியர் கல்வி வார்டில் கற்கப்படுவது. அதனாலேயே நர்சிங் பள்ளிக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை, அதாவது மாணவியர் பயிற்சி பெறும் சொந்த மருத்துவமனை, வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. மலையடிவாரத்துச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அண்டை மாவட்ட நோயாளிகளும் வருகின்றனர். மாணவி தான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். பிரசவமே அரிதாக நிகழும் மருத்துவமனையில், கட்டடம் எத்தனை பளபளப்பாயினும், அப்பதிவேடு எவ்வாறு நிரம்பும்? கட்டணத்தை விசாரிப்பவர்கள் இதை விசாரிப்பதில்லை.

குறைந்த செலவு என்பதை மிகக் குறைந்த கட்டணம் என்று கொள்வதும் தவறே. பத்தாம் வகுப்பு முடித்தோரை ஓராண்டில் ‘நர்சிங் உதவியாளர்’ ஆக்குவதாகக் கூறும் சான்றிதழ் வகுப்புகளை முடித்தோர், செவிலியராகப் பணிபுரியச் சட்டம் கோரும் மாநில நர்சிங் கவுன்சில் பதிவைப் பெற இயலாது. ஆகவே முன்பணம் கட்டுமுன், நிறுவனத்தின் பெயரும் படிப்பின் பெயரும் அக்கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்பதைப் பெற்றோர் தாமே பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.