ஜென்டிலாகப் பேச மாட்டேன்

மாணவிகள் விடுதியை மாலை ஆறு மணிக்கே பூட்டுவது ஏன் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். மாணவர் விடுதிக்கு அப்படியொரு பூட்டு கிடையாது. மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் ஜென்டிலா பேசுங்க மேடம்" என்றார். நான் குரலை உயர்த்தியிருக்கவில்லை. அதே கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தியவரைப் பற்றி வெளியே வந்ததும் அவரே சொன்னார்: "கோபக்காரர்தான், ஆனா ஜென்டில்மேன்."

ஆணுக்குப் பட்டம், பெண்ணுக்குக் கடிவாளம். கடிவாளம் என்று சும்மா சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் வினையாகவும் வரும். குதிரையைத் தட்டிக்கொடுத்துப் பழக்கி அடக்குவது என்று பொருள்.

சொல்லின் வேர் குலத்தில் இருக்கிறது. லத்தீனில் 'ஜென்ஸ்' என்றால் குலம். பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'ஜென்டில்' என்றால் நல்ல குடியில் பிறந்தவர். நல்ல குடியில் பிறந்தால் நல்ல குணமும் இருக்கும் என்ற நம்பிக்கையில், பிறப்பின் பெயரே பண்பின் பெயரும் ஆனது. சாது, மென்மை என்ற பொருள்கள் பின்னால் வந்தவை.

இந்த ஏமாற்றை அன்றே கேள்வி கேட்ட ஒரு கிழவி உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கேண்டர்பரி கதைகள்' நூலில், பாத் ஊர்க்காரி சொல்லும் கதையில் வருகிறாள். அதன் நாயகன் ஓர் இளம்பெண்ணை வன்புணர்ந்த வீரன். அரசவையைச் சேர்ந்தவன், பிறப்பால் ஜென்டில். அவன் உயிரைக் காப்பாற்றிய கிழவியையே மணக்க நேர்ந்ததும், இவள் கிழவி, அழகில்லாதவள், கீழ்க்குடி என்று புலம்புகிறான். அவளோ, மேன்மை பாட்டன் சொத்தாக வருவதில்லை, செயலில்தான் வருகிறது என்று அவனுக்குப் பாடம் நடத்துகிறாள்.

சட்டம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வழக்கு ஆவணங்களில் பிரதிவாதியின் தகுதியையோ தொழிலையோ குறிக்க வேண்டும் என்று 1413இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 'ஜென்டில்மேன்' ஒரு தகுதியாக ஏடேறினான். பெண்ணை இன்னாருடைய மனைவி, இன்னாருடைய கைம்பெண் என்று எழுதினார்கள்.

கீழே இருந்தவர்களின் பெயர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 'வில்லன்' பண்ணையில் உழைத்த குடியானவன், இன்று கெட்டவன். 'ஹஸி' என்பது 'ஹவுஸ்வைஃப்' தேய்ந்து வந்த வடிவம். வீட்டை நடத்தியவளின் பெயர் தேய்ந்து, நடத்தை கெட்டவள் என்ற வசையானது.

வெள்ளைக்காரன் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 'குடிமை' என்ற நம் சொல்லும் பிறப்பையும் பண்பையும் ஒன்றாகவே சுமக்கிறது. ஒழுக்கம்தான் குடிமை என்று ஓரிடத்தில் சொல்லும் வள்ளுவர், குடிமை அதிகாரத்தை நற்குடியில் பிறந்தவரின் இயல்பான நாணத்தோடு தொடங்குகிறார். தொல்காப்பியச் செய்யுளியலில் 'புலன்' என்ற வனப்புக்கு இலக்கணமே சேரிமொழியில் எளிதாக விளங்குவது. சேரி அன்று மக்கள் சேர்ந்து வாழும் இடம். இன்று ஒரு பெண்ணின் வாயை அடைக்க, "சேரிக்காரி மாதிரி பேசாதே" என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். இந்த வசையில் சாதியும் ஆணாதிக்கமும் ஒரே வாயால் பேசுகின்றன. "நல்ல குடும்பத்துப் பொண்ணு" என்ற பாராட்டு அதன் மறுபக்கம்.

சொல்லின் பொருள் மாறிவிட்டதே, பழசை ஏன் கிளற வேண்டும் என்பார்கள். பொருள் மாறியிருக்கிறது, யார் யாருக்குச் சொல்வது என்பது மாறவில்லை. ஜென்டிலாக இரு என்று மேலே இருப்பவர்தான் கீழே இருப்பவருக்குச் சொல்கிறார். விடுதியில் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துத் தரும் துப்புரவுப் பணியாளர் அக்காவை எல்லோரும் "பாவம், நல்ல பொம்பள" என்பார்கள். ஜென்டில் என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

தோழிகளே, அடுத்த முறை யாராவது ஜென்டிலாகப் பேசச் சொன்னால் குரலைத் தாழ்த்தாதீர்கள். அந்தக் கிழவியைப் போலச் செயலைக் கேளுங்கள். ஆறு மணிக்குத் தொங்கும் அந்தப் பூட்டு ஜென்டிலா?