கல்வெட்டு போதாது, கணக்குக் கேள்!

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, 'குடவோலை கண்ட நாடு' எனப் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும்! 10 ஆம் நூற்றாண்டின் அந்த விதி, நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அவையில் இடம் தந்தது. நிலமற்று உழுதவனுக்குக் கதவை அடைத்தது. ஆயினும், கணக்குக் காட்டாதவனை அவைக்குத் தகுதியற்றவன் என விலக்கியது!

இன்றோ, 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் உள்ள உழவனும் கூலிப் பெண்ணும் கிராம சபையின் உறுப்பினர்கள். அடைத்த கதவு திறந்தது, கணக்கு எங்கே? பதிவேட்டை வீடுதோறும் நீட்டிக் கையெழுத்து வாங்கி, 'கூட்டம் இனிதே முடிந்தது' என்று எழுதுவோரும் உளர்!

தோழர்களே! வாக்குச் சாவடியில் ஒரு நாள் மன்னர், ஐந்தாண்டு ஊமையர் என்றிருப்பதா மக்களாட்சி? அடுத்த கிராம சபைக்குத் தெருவோடு திரண்டு செல்லுங்கள். ஒதுக்கப்பட்டோர் அருகில் அமருங்கள். தெருவிளக்கின் செலவைக் கேளுங்கள். கேள்வி கேட்கும் ஊரே, தன்னை ஆளும் ஊர்!