அளவுகோல் யார் கையில்?

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றுமுதல் ஊரிகத்தின் உழைப்பாளர்கள் பிழைப்புக்காக நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். இத்தகைய கூலி உழைப்பாளியின் கைப்பேசியைக் குறிவைத்தே ரம்மி, பந்தயச் செயலிகள் வலை விரித்தன.

ஒன்றிய பாஜக அரசு செய்தது என்ன? 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, சுயஒழுங்குமுறை அமைப்புகளிடம் கண்காணிப்பை ஒப்படைக்க முனைந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் 28 சதவீத ஜிஎஸ்டி வசூலித்துச் சூதாட்டப் பணத்தில் பங்கு பெற்றது. 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் கொண்டுவந்தபோதோ, 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழப்பதாக அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அவ்வாறெனில் ‘பொறுப்பான விளையாட்டு’ என நிறுவனங்கள் நடத்திய திட்டங்கள் சாதித்தவை எவை?

எத்தனை எச்சரிக்கைகள் திரையில் தோன்றின, எத்தனை பேர் உதவி எண்ணை அழைத்தனர் என்பன நிறுவனங்களுக்கு உகந்த கணக்குகள். இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதே உண்மையான கணக்கு. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் அளித்த மதிப்பீட்டின்படி, சூதாட்ட இயந்திரங்களில் செலவிடப்படும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதுக்கு அடிமையானோருடையது. திட்டம் உண்மையாகவே வென்றால் முதலாளியின் வருவாய் சரியும். அந்த வெற்றியை அவரே அளப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகும். பிரிட்டன்கூட நிறுவனங்களின் விருப்ப நன்கொடையைக் கைவிட்டு, ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் 2025 ஏப்ரல் முதல் கட்டாயத் தீர்வை விதித்துள்ளது.

தங்கவயல் இந்தப் பாடத்தை முன்பே கற்றது. 1940களில் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் கண்டறியப்பட்டது. நோயின் அளவைச் சொன்னது தொழிலாளியின் நுரையீரலே. நிர்வாகத்தின் பாதுகாப்பு அறிவிப்புகள் அல்ல.

ஆகவே மதிப்பீடு நிறுவனப் பணம் தீண்டாத பொது அமைப்பிடம் இருக்க வேண்டும். கணக்குத் தரவுகளை ஒப்படைப்பது கட்டாயமாக வேண்டும். மிகுதியாக இழந்தோரின் இழப்பும் கடனும் தற்கொலைகளும் குறைந்தனவா என்பதைத் திட்டத்துக்கு முன்னும் பின்னும், திட்டம் எட்டாதவர்களோடும் ஒப்பிட்டு அளக்க வேண்டும். முடிவு எதுவாயினும் வெளியிட வேண்டும்.

தடைச் சட்டத்துக்கும் இதே உரைகல் பொருந்தும். ஆட்டம் வெளிநாட்டுச் செயலிகளுக்கு இடம் மாறியதா, கடன் வாங்கிய குடும்பம் மீண்டதா என்று அரசு பதில் சொல்லியாக வேண்டும். சுரங்கம் மூடிய ஊருக்கு வேலை தராமல் சூதை மட்டும் மூடுவது பாதிப் பணியே. இக்கோரிக்கைகளைத் தெருத்தெருவாகக் கொண்டு செல்வது உழைக்கும் மக்கள் இயக்கத்தின் கடமை.